எலியின் ஈரலைக் காத்த மூலிகை என் ஈரலையும் காக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது சொந்த ஊரான கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் பேச்சு. டீக்கடையில் மலையாளப் பேப்பரும் தமிழ்ப் பேப்பரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். எதில் வந்தாலும் சரி, "இந்த இலை ஈரலைக் காக்கும், ஆய்வில் தெரியவந்தது" என்று ஒரு செய்தி வந்துவிட்டால், யாராவது அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியில் நடந்தவை. அதே மாதிரி ஆய்வுகளை என் கையாலேயே செய்திருக்கிறேன். அதனால் திண்ணையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்களே, அது ஒரு சத்தா?

அது ஒரு வேலையின் பெயர். அந்த வேலையைச் செய்கிற எந்தப் பொருளையும் அப்படிக் கூப்பிடலாம்.

கடலை எண்ணெயைச் சரியாக மூடாமல் வெயில் படும் ஜன்னலோரம் வைத்துவிட்டால் கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயின் கொழுப்பைத் தாக்குகிறது. கெட்டுப்போன ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைக் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். இப்படிச் சங்கிலியாக ஓடும். நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. எள்ளிலிருந்து வரும் செசமால் போன்ற பொருள்கள் அந்தச் சங்கிலியை நடுவிலேயே அறுத்துவிடும். ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை என்றால் இதுதான். தமிழில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் என்று எழுதுவார்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பால் ஆன உறை இருக்கிறது. அதுவும் இதே மாதிரி சிக்குப் பிடிக்கும். சங்கிலியைத் தொடங்கி வைப்பது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் துணுக்கு. ஜோடி இல்லாத ஒரு எலக்ட்ரானோடு அலைந்து, கிடைத்த இடத்தில் பிடுங்கும். இதைச் சமாளிக்க உடம்பு சொந்தமாகவே ஆள் வைத்திருக்கிறது. உறைக்குள் வைட்டமின் ஈ, செல்லுக்குள் குளூட்டாதயோன், அப்புறம் என்சைம் எனப்படும் நொதிகள். எஸ்.ஓ.டி. என்ற நொதியின் வேலையை 1969ல் அமெரிக்காவில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதியை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பச்சை ஆட்டு ஈரல் துண்டின் மேல், காயத்துக்குப் போடும் ஹைட்ரஜன் பெராக்சைடை நாலு சொட்டு விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு முதல் நாள் வகுப்பில் நான் இதைத்தான் காட்டுவேன்.

எலிக்கு எதற்கு விஷம் கொடுக்கிறார்கள்? என்ன விஷம்?

ஒரு பொருள் ஈரலைக் காக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் ஈரலுக்கு ஒரே அளவான, தெரிந்த மாதிரியான கெடுதலை உண்டாக்க வேண்டும். அதற்கு அதிகம் பயன்படுவது கார்பன் டெட்ராகுளோரைடு. நிறமில்லாத, கொஞ்சம் இனிப்பு வாடை அடிக்கும் திரவம். ஒரு காலத்தில் இதைத் துணியை ட்ரை க்ளீன் செய்யவும் தீயணைப்புக் கருவியில் நிரப்பவும் வைத்திருந்தார்கள். 1920களில் கொக்கிப்புழுவுக்கு மருந்தென்று மனிதர்களுக்கே கொடுத்தார்கள். அப்புறம்தான் ஈரலை என்ன செய்கிறது என்று தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கார்பன் டெட்ராகுளோரைடு நேரடியாக ஈரலைக் கொல்வதில்லை. ஈரலே அதை விஷமாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பொருள்களை உடைத்து வெளியேற்ற ஈரலில் பல நொதிகள் உண்டு. அவற்றில் சி.ஒய்.பி. 2இ1 என்று ஒன்று. அது இந்தத் திரவத்திலிருந்து ஒரு குளோரினைக் கழற்றும்போது மீதியாக நிற்பது ஒரு ஃப்ரீ ராடிக்கல். அது ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னும் மூர்க்கமான வடிவம் எடுத்து, செல் உறையில் அந்தச் சிக்குச் சங்கிலியைத் தொடங்கிவிடுகிறது.

ஈரல் சின்னச் சின்ன அறைகளாக அமைந்தது. ரத்தம் ஓரத்திலிருந்து நுழைந்து நடுவிலுள்ள சிரையில் போய்ச் சேரும். 2இ1 நொதி நடுச் சிரையைச் சுற்றியுள்ள செல்களில்தான் அதிகம். அதனால் அங்கேதான் முதலில் செல்கள் சாகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு அறையின் நடுவிலும் வெளுத்த வட்டம் விழுந்திருக்கும். 2இ1 நொதியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு இதே விஷத்தைக் கொடுத்தால் ஈரல் பெரிதாகக் கெடுவதில்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈரல் மட்டும்தான் என்றில்லை. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கெடுக்கும், ஸ்ட்ரெப்டோஸோடோசின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொல்லும். இவை எல்லாவற்றையும் எலிக்குக் கொடுத்து, கூடவே ஒரு மூலிகையையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

காப்பாற்றியது என்று எப்படித் தெரியும்?

வழக்கமான ஏற்பாடு இது. ஒரு கூட்டத்துக்கு ஆறு எலி. முதல் கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்கு விஷம் மட்டும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் மூலிகைச் சாறு இரண்டு அளவில், அப்புறம் விஷம். ஐந்தாவதுக்கு, ஏற்கெனவே பேர் வாங்கிய சிலிமரின் என்ற மருந்து, அப்புறம் விஷம். நுனியில் குமிழ் வைத்த வளைந்த ஊசியை எலியின் வாய் ஓரமாக விட்டு, சாறை நேராக இரைப்பைக்குள் இறக்க வேண்டும். கை பழகும்வரை எலிக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

கடைசி நாள் ரத்தம் எடுத்து எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. பார்ப்போம். லேபில் உங்களுக்குப் பார்ப்பதும் அதே டெஸ்ட்தான். அந்த நொதிகள் ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டியவை. பாத்திரம் ஓட்டையானால் சாம்பார் ஒழுகுவது போல, செல் கெட்டால் அவை ரத்தத்தில் ஒழுகும். அதன் பிறகு ஈரலை வெளியே எடுக்கிறோம். நல்ல எலியின் ஈரல் கருஞ்சிவப்பாக, வழுவழுவென்று, விளிம்பு கூர்மையாக இருக்கும். விஷம் வாங்கிய ஈரல் வெளுத்து, வீங்கி, மேலே புள்ளிபுள்ளியாக இருக்கும். கத்தி வைத்தால் பிசுக்கு ஒட்டும்.

அந்த ஈரலில் ஒரு துண்டை அரைத்து, தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் டெஸ்ட் டியூபுகளை நிறுத்துவோம். எண்ணெய் சிக்குப் பிடித்ததில் மிஞ்சும் மாலோன்டைஆல்டிஹைடு என்ற பொருள் இருந்தால் டியூப் இளஞ்சிவப்பாகும். 532 நானோமீட்டரில் அளந்து எண்ணாக எழுதுவோம். எண் பார்ப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் டியூபுகளில் விஷம் மட்டும் வாங்கிய கூட்டத்தின் டியூபுகள் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், மூலிகை வாங்கிய கூட்டம் வெளிறி இருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மருந்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்று நானும் என் மாணவிகளும் சந்தோஷப்பட்டோம். அந்த சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் போக வேண்டிய தூரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆனது.

சரி, எலிக்கு நல்லதென்றால் எனக்கும் நல்லதுதானே?

எலி எப்போது மருந்து வாங்கியது என்று கேளுங்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் மூலிகையை ஏழு நாளோ பதினான்கு நாளோ முன்கூட்டியே கொடுத்து, அதற்குப் பிறகுதான் விஷம் கொடுப்பார்கள். திருடன் வரும் நாளும் நேரமும் தெரிந்து முன்கூட்டியே காவல் போடுவது மாதிரி. உங்கள் ஈரல் கெட்டது டாக்டர் சொன்ன பிறகுதான் உங்களுக்கே தெரிகிறது. அந்த நிலையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்கூட்டிக் கொடுத்த எலி சாட்சி சொல்லாது.

இன்னொன்று, எலிக்கு வந்த கெடுதல் ஒரே நாளில் ஒரே விஷத்தால் வந்தது. விஷத்தை நிறுத்தினால் எலியின் ஈரல் தானாகவே கொஞ்ச நாளில் பெருமளவு தேறிவிடும். நம்மூரில் ஈரல் கெடுவது வருஷக்கணக்கான குடியால், சர்க்கரை வியாதியோடு வரும் கொழுப்பு ஈரலால், ஹெபடைடிஸ் பி, சி வைரஸால். அதெல்லாம் வேறு கணக்கு.

சிலிமரினையே எடுத்துக்கொள்ளுங்கள். எலி ஆய்வுகளில் மற்ற மூலிகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அது. ஹெபடைடிஸ் சி உள்ள 154 பேருக்கு, வழக்கத்தைவிட அதிக அளவில், 24 வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2012ல் வந்தது. எஸ்.ஜி.பி.டி.யைக் குறைப்பதில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை.

எலிக்குக் கொடுத்த அளவை எனக்குக் கணக்குப் போட்டால்?

போடலாம். எலியின் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை அப்படியே மனிதனின் எடையால் பெருக்கக் கூடாது. சின்ன உடம்பு வேகமாக எரிக்கும். உடம்பின் மேற்பரப்பை வைத்துச் செய்யும் கணக்கில் எலியின் அளவை 6.2 ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலியின் அளவு என்றால் 12.3 ஆல்.

எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு என்றால் மனிதனுக்குக் கிலோவுக்கு சுமார் 65. அறுபது கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3.9 கிராம். இது பொடி இல்லை, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுண்டவைத்த சாறு. நூறு கிராம் காய்ந்த இலையில் பத்து கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 39 கிராம் காய்ந்த இலை. பச்சமருந்துக் கடையில் வாங்கி ஒரு ஸ்பூன் வெந்நீரில் போட்டுக் குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கீழாநெல்லிகூட வேலை செய்யாது என்கிறீர்களா, சாரே?

இதைக் கேட்டவர் எங்கள் ஊர்ப் பனையேறி ஒருவர். அவர் அம்மா ஊருக்கே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர். இங்கே மலையாளத்தில் கீழார்நெல்லி என்பார்கள். ஒரே மூலிகையைக் கொண்டு பார்க்கும் வைத்தியத்துக்கு ஒற்றமூலி என்று பேர், மஞ்சக்காமாலை என்றாலே முதலில் ஒற்றமூலிக்குத்தான் ஓடுவார்கள்.

கீழாநெல்லியை யாரும் அலட்சியம் செய்யவில்லை. சென்னையில் தியாகராஜனும் மற்றவர்களும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்கு அதன் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வாங்கிய 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை வாங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988ல் லான்செட் பத்திரிகையில் அது வந்தது. அந்த ஆய்வில் ப்ளம்பெர்க்கும் சேர்ந்திருந்தார். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டதற்காக 1976ல் நோபல் வாங்கியவர் அவர். நம் வேலியோரத்துச் செடி உலகத்தின் கண்ணில் பட்டது அப்போதுதான். ஆனால் அதன் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அதுதான் இன்றைய நிலை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்படியானால் அந்த அம்மாவிடம் வாங்கிக் குடித்தவர்களுக்கு எப்படிச் சரியானது? கிணற்றுத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சில வாரங்களில் எது குடித்தாலும் அதற்குத்தான் பேர் போய்ச் சேரும்.

என் தாய்மாமாவுக்கும் கண் மஞ்சளானபோது ஒற்றமூலி வைத்தியர் ஒருவரிடம்தான் கூட்டிப்போனார்கள். ஏழு நாள் மருந்து, உப்பில்லாப் பத்தியம். இறங்கவில்லை என்று இன்னொரு ஏழு நாள். இப்படியே இரண்டு மாதம் போனது. ஸ்கேன் எடுத்தபோது பித்தக்குழாயை அடைத்துக்கொண்டு கல் இருந்தது, சீழும் பிடித்திருந்தது. உயிர் தப்பினார், ஆனால் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூலிகை அவரை ஒன்றும் செய்யவில்லை. அந்த இரண்டு மாதம்தான் செய்தது.

ஆய்வில் காப்பாற்றியது என்றால் அது ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையால்தானா?

கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான்.

2இ1 நொதி இல்லாத சுண்டெலியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு மூலிகைச் சாறு அந்த நொதியை அடைத்துவிட்டால், கார்பன் டெட்ராகுளோரைடு விஷமாகவே மாறாது. ராடிக்கல் பிறக்காது, சிக்குப் பிடிக்காது, டியூப் சிவக்காது. எல்லா அளவையும் பார்த்துவிட்டு "அருமையான ஆன்டிஆக்ஸிடன்ட்" என்று எழுதிவிடுவோம். உண்மையில் அது தீயை அணைக்கவில்லை, தீக்குச்சியைக் கிழிக்கவே விடவில்லை. அந்தச் சாறு வைரஸால் கெட்ட ஈரலில் எதையும் செய்யக் காரணமில்லை. அதோடு, அதே நொதிகள்தான் நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரைகளையும் உடைக்கின்றன. அவை அடைபட்டால் அந்த மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் ஏறும்.

கரைப்பான்கூட ஏமாற்றும். எலிக்கு விஷமாகக் கொடுக்கும் பாராசிட்டமாலையோ மூலிகைச் சாறையோ டி.எம்.எஸ்.ஓ.விலோ ப்ரொப்பிலீன் கிளைகாலிலோ கரைத்துக் கொடுத்தால், அந்தக் கரைப்பானே நொதியை அடைத்து எலியைக் காப்பாற்றிவிடும். சாறு இல்லாமல் கரைப்பான் மட்டும் வாங்கிய ஒரு கூட்டத்தைத் தனியாக வைத்தால்தான் இது தெரியவரும். விஷம் கொடுத்து, ராடிக்கல் உருவான பிறகு, சாறைக் கொடுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. இந்த இரண்டையும் செய்யாத ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது எனக்கு நம்பிக்கை பாதியாகிவிடும்.

எலியிலிருந்து மனிதனுக்கு வந்து ஜெயித்த ஆன்டிஆக்ஸிடன்ட் ஒன்றாவது உண்டா?

உண்டு. அது, அளவு மீறிய பாராசிட்டமாலின் விஷத்துக்கு முறிவு மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீன். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை.

பாராசிட்டமாலைச் சரியான அளவில் சாப்பிட்டால் ஈரல் அதில் பெரும்பகுதியைச் சாதுவாக வெளியேற்றிவிடும். ஒரு சின்னப் பங்கை மட்டும் அதே 2இ1 நொதி என்.ஏ.பி.க்யூ.ஐ. என்ற கெட்ட பொருளாக மாற்றும். அது வந்த வேகத்தில் குளூட்டாதயோன் அதைப் பிடித்து அமுக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். 1973ல் அமெரிக்காவில் மிட்செல்லும் அவர் கூட்டாளிகளும் சுண்டெலியில் இதைக் காட்டினார்கள். குளூட்டாதயோன் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்த பிறகுதான் ஈரல் செல்கள் சாகத் தொடங்கின. அப்படியானால் குளூட்டாதயோனைத் திரும்ப நிரப்பினால் போதுமே என்று யோசித்தார்கள். அதற்கு மூலப்பொருள் சிஸ்டீன். அதை உடம்புக்குள் கொண்டுசேர்க்கும் வடிவம்தான் என்-அசிட்டைல்சிஸ்டீன். 1970கள் முடிவதற்குள் பிரிட்டனில் ப்ரெஸ்காட் குழு நோயாளிகளுக்கே ஊசியாகக் கொடுத்து, எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களின் ஈரல் ஏறக்குறைய முழுசாகத் தப்பியதைக் காட்டியது. இன்றும் ஆஸ்பத்திரியில் கொடுப்பது அதுதான்.

விஷம் எந்த வழியில் கொல்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது, விஷம் உள்ளே போன பிறகு கொடுத்தும் வேலை செய்தது, மனிதரில் சோதித்தார்கள். மற்ற மூலிகைகளுக்கும் நான் கேட்பது இவ்வளவுதான்.

இங்கே எலியே கொஞ்சம் வழி தவறவைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பாராசிட்டமாலுக்குச் சுண்டெலி நம்மைப் போலவே பலவீனம். எலி ரொம்பக் கெட்டி, பல மடங்கு கொடுத்தால்தான் அசையும். எலியில் பாராசிட்டமால் ஆய்வு என்று பார்த்தால் அதையும் கவனியுங்கள்.

கள்ளு குடிக்கிறவர் பாராசிட்டமால் சாப்பிடலாமா?

எங்கள் சித்தூர் தாலுகாவின் கள்ளு கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டி ஏறுகிறது, ஊரிலும் குடிக்கிறார்கள். அதனால் இதை ஒளிக்காமல் பேசுவோம். தினசரி மதுப்பழக்கம் 2இ1 நொதியை அதிகமாக்கும், குளூட்டாதயோனைக் குறைக்கும். சரியாகச் சாப்பிடாமல் குடித்தால் இன்னும் குறையும். கெட்ட பொருள் அதிகம் பிறக்கிறது, பிடிக்க ஆள் குறைவு.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. தினமும் குடிப்பவர்களுக்கு டாக்டர்கள் 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள். ஜலதோஷ மாத்திரையிலும் பல நேரம் பாராசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். யாராவது அளவு மீறி விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் வாந்தியோடு நின்றுவிடும், ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஈரல் கெடுவது இரண்டாம் மூன்றாம் நாள். முறிவு மருந்துக்கான அந்த எட்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

மஞ்சள்?

குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி எந்தக் கவலையும் வேண்டாம்.

மஞ்சளின் குர்குமின் எலி ஆய்வுகளில் நன்றாகவே காக்கிறது. மனிதனுக்குக் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவதுதான் பிரச்சினை, ஏறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். பெங்களூரில் 1998ல் வந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அளவு இருபது மடங்கு கூடியது. அதிலிருந்து மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரைகள் கடைக்கு வந்தன. அப்புறம் என்ன ஆனது தெரியுமா? அந்த மாதிரி மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்களைப் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்தன. 2022ல் அமெரிக்காவில் இப்படி ஈரல் கெட்ட 10 பேரை ஆராய்ந்தபோது, 7 பேரிடம் ஒரே மாதிரியான மரபணு வகை இருந்தது. எலியைக் காத்த பொருளே சில மனிதர்களின் ஈரலைக் கெடுத்திருக்கிறது. சீந்தில் கொடியும் அப்படித்தான். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைக் குடித்து ஈரல் வீங்கியவர்களை மும்பையில் டாக்டர்கள் பதிவு செய்தார்கள்.

வைட்டமின் மாத்திரையாகச் சாப்பிட்டால் பாதுகாப்புதானே?

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக வாங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994ல் முடிவு வந்தபோது அது 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி ஆய்வை 1996ல் பாதியில் நிறுத்தினார்கள், அங்கே 28 சதவீதம்.

மறுபக்கமும் உண்டு. சர்க்கரை வியாதி இல்லாத, கொழுப்பு ஈரல் அழற்சி உள்ளவர்களுக்கு வைட்டமின் ஈ தினம் 800 யூனிட் 96 வாரம் கொடுத்ததில், 43 சதவீதம் பேருக்கு ஈரல் தேறியது. வெறும் மாத்திரையில் 19 சதவீதம். இது 2010ல் வந்தது. அதனால் சில நோயாளிகளுக்கு டாக்டர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள். அதே வைட்டமின் ஈயை வருஷக்கணக்கில் சாப்பிட்ட ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் கொஞ்சம் கூடியதாக 2011ல் இன்னொரு ஆய்வு சொன்னது. யாருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு நாள் என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்து நெல்லிக்காய் சாப்பிட்டால் விஷம் முறியுமா?

முறியாது. பூச்சிக்கொல்லி கொடுத்த எலியில் வைட்டமின் சி, ஈ சேர்த்தால் சில அளவுகள் குறைகின்றன, உண்மைதான். ஆனால் குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்து ஆளைக் கொல்வது நரம்பிலுள்ள ஒரு நொதியை முடக்குவதால். அதற்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபின் கொடுக்க வேண்டும். களைக்கொல்லியான பாராகுவாட் நிஜமாகவே ஃப்ரீ ராடிக்கல் வழியாகத்தான் நுரையீரலை அழிக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே தோன்றும். எலியில் பலன் தெரிந்தும், மனிதரில் உயிர் காக்கும் என்று உறுதியான மருந்து ஒன்றும் இன்னும் கையில் இல்லை. நெல்லிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள், அடித்த சட்டையைக் குழந்தைகளின் துணியோடு போட்டுத் துவைக்காதீர்கள்.

இத்தனை எலிகளைக் கொல்வது பாவமில்லையா?

என் மகள் கேட்டது. எனக்கும் உறுத்தல் இருக்கிறது.

நம் நாட்டில் 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்று கமிட்டி இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் ஒரு எலியைத் தொட முடியும். விலங்கு இல்லாத வழி இருந்தால் அதைத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்ற மூன்று விதிகளை ரஸலும் பர்ச்சும் 1959லேயே எழுதிவிட்டார்கள். விதி சரிதான். ஆனால் அதே கார்பன் டெட்ராகுளோரைடு, அதே ஐந்து கூட்டம், அதே முப்பது எலி, செடியை மட்டும் மாற்றி இன்னொரு பட்டம் என்று நடப்பதைப் பார்த்திருக்கிறேன், செய்ய வைத்தும் இருக்கிறேன். புதிதாக எதுவும் கேட்காத ஆய்வுக்கு ஒரு எலிகூட சாகக் கூடாது என்பது இன்று என் முடிவு. நொதியை அடைக்கிறதா என்ற கேள்வியை எலி இல்லாமலே சோதனைக் குழாயில் பார்த்துவிட முடியும். முதலில் அதைச் செய்யட்டும்.

அப்படியானால் நம் மூலிகை அறிவுக்கு மரியாதையே இல்லையா?

இருக்கிறது, அதைக் காப்பாற்றிய ஆய்வும் நம் பக்கத்திலேயே நடந்தது. அகத்தியமலையில், கேரளம் தமிழ்நாடு இரண்டு பக்கமும் காணிகள் என்ற பழங்குடிகள் வாழ்கிறார்கள். 1987ல் விஞ்ஞானிகள் சிலர், புஷ்பாங்கதன் தலைமையில், அவர்களோடு மலையேறினார்கள். இவர்களுக்கு மூச்சு வாங்கியது, வழிகாட்டிய காணிகளோ ஒரு சின்னப் பழத்தை மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைத் திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையம் உருவாக்கி, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். பாராசிட்டமாலால் கெட்ட எலி ஈரலை அந்தச் செடி காக்கிறதா என்றும் அதே நிலையம் ஆராய்ந்து 1998ல் எழுதியது. எலியில் காத்தது. ஈரல் நோயாளிக்கு அது மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுத்தவனுக்குப் பங்கு கொடுத்த மரியாதை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது ஒரு பொடி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தணுமா?

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது, கண் மஞ்சளாகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றால் இன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒரு முறை எஸ்.ஜி.பி.டி. பார்த்துவிடுங்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டால் பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போங்கள். பாக்கெட்டில் எழுத்தே இல்லை, பேப்பரில் மடித்துக் கொடுத்தது என்றால், ஒரு ஸ்பூன் பொடியைச் சின்ன டப்பாவில் போட்டு, எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.